பஞ்சு அடைத்த கம்ப்யூட்டரைப் பழசென்று தள்ளாதீர்கள்

திருப்பூர் மங்கலம் ரோட்டுப் பக்கம் ஒரு நிட்டிங் கம்பெனி. போன சித்திரையில், அங்கே டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதும் பெண் போன் பண்ணினாள். "அண்ணா, காலைல நல்லாத்தான் ஓடுதுங்க. மத்தியானம் ஆச்சுன்னா டேலில ஒரு வவுச்சர் போடறதுக்குள்ள கண்ணு பூத்துப் போகுது. புதுசே வாங்கிரலாம்னு முதலாளி சொல்றாருங்க."

காலையில் ஓடி மத்தியானத்தில் படுக்கிறதென்றால் அது வயசுக் கோளாறு இல்லை, சூடு. போய்ப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் மேலிருக்கும் ஃபேனை எடுத்துப் பார்த்தால், அதன் கீழே உள்ள அலுமினியத் தகடுகளே தெரியவில்லை. பஞ்சு படிந்து படிந்து மெத்தைபோல் இறுகியிருந்தது. விரலால் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். காடாத் துணியைக் கிழித்ததுபோல் முழுசாகக் கையோடு வந்தது. காற்று போக வழியில்லாமல் சூடு நூறு டிகிரியை நெருங்கும்போது, பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதைத்தான் நாம் "கம்ப்யூட்டர் ஸ்லோ ஆயிருச்சு" என்கிறோம். சுத்தம் பண்ணி, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் என்ற பசையைப் புதிதாக வைத்து மாட்டியதும் அன்று சாயங்காலம்வரை ஒரே வேகத்தில் ஓடியது.

என் ஆதங்கமே இதுதான். சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் நிட்டிங் மெஷினில் ஊசிமேல் பஞ்சு படியக்கூடாதென்று தலைக்கு மேலே தனியாக ஃபேன் சுற்றுகிறது. ஷிஃப்ட் மாறும்போது கம்ப்ரசர் காற்றடித்துத் துடைக்கிறோம், எண்ணெய் பார்க்கிறோம். அத்தனை மெஷினின் கணக்கையும் சுமக்கும் கம்ப்யூட்டரை மட்டும் வாங்கின நாளிலிருந்து திறந்ததே இல்லை. பல்லடம், சோமனூர், ஈரோடு என்று நான் போன தறிக்கூடங்களிலெல்லாம் இதே கதைதான். பஞ்சு பறக்கும் இடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்தே ஆக வேண்டும்.

திறந்தால் அடுத்த தவறு காத்திருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் கம்ப்ரசர் இருப்பதால் அதையே எடுத்து அடித்துவிடுகிறார்கள். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், அழுத்தமும் அதிகம். ஒரு பிரஷ்ஷும் கையால் பிடிக்கும் சின்ன புளோயருமே போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு வாசலுக்குக் கொண்டுபோய், ஃபேன் இறக்கையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு அடியுங்கள். காற்றடிக்கும்போது ஃபேன் கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் போய்விடும். பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். பிளக்கை எடுத்த பிறகும் அதற்குள் கரண்ட் தங்கியிருக்கும்.

சுத்தம் பண்ணியும் காலையிலிருந்தே மந்தமாக இருந்தால், உள்ளே பழைய ஹார்டு டிஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். ஹார்டு டிஸ்க்கில் ஒரு முள் தட்டின்மேல் அங்குமிங்கும் நகர்ந்துதான் படிக்க வேண்டும். சிதறிக் கிடக்கும் தகவலை அதனால் நொடிக்கு நூறு தடவை சுமாருக்குத்தான் தேடி எடுக்க முடியும். அதற்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி என்ற சிப் டிஸ்க்கில் நகரும் பாகமே இல்லை, நொடிக்குப் பல ஆயிரம் தடவை எடுக்கும். நாடா போய்வரும் தறிக்கும், காற்றாலேயே நூலைச் செலுத்தும் ஏர்ஜெட் தறிக்கும் உள்ள வித்தியாசம் என்று சொன்னால் நம்ம ஊரில் சட்டென்று புரிந்துகொள்வார்கள். ஐ7 பிராசசர் என்று கேட்டு வாங்கிவிட்டு, அதில் ஹார்டு டிஸ்க்கும் 4 ஜிபி ராமும் போட்டுக்கொள்வது காசைக் கரியாக்குகிற வேலை. கணக்கு வேலைக்கு ஐ3, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி தாராளம்.

கரண்ட் விஷயத்தில் இரண்டே சொல்கிறேன். யூபிஎஸ்ஸில் 600 விஏ என்று போட்டிருந்தால் அது 600 வாட் இல்லை. பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். அதில் லேசர் பிரிண்டரைச் செருகாதீர்கள், சூடேறும் நேரத்தில் பிரிண்டர் மட்டுமே அதைத் தாண்டி இழுத்துவிடும். இன்னொன்று, கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறதா? எர்த் போய்விட்டது. நம் பக்கம் மாசி பங்குனியிலேயே நிலம் காய்ந்துவிடுகிறது, காய்ந்த மண்ணில் எர்த் சரியாக வேலை செய்யாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிபார்த்து, கோடை முழுக்க எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றி வாருங்கள்.

அப்டேட்டைத் தள்ளிப்போடுவதும் பெரிய தவறு. 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ், மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் மார்ச்சிலேயே அடைத்துவிட்ட ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. இரண்டு மாதம் "அப்புறம் பாத்துக்கலாம்" என்றிருந்தவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறுவதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பிராசசர் இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

இனி நான் அடிபட்ட கதை. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்த்தேன். தினமும் பொழுதோட டேலி பேக்கப்பை ஒழுங்காக எடுத்து டி டிரைவில் போட்டு வைப்பேன். ஒரு திங்கட்கிழமை காலையில் ஆன் பண்ணினால் உள்ளேயிருந்து டக், டக் என்று சத்தம். ஹார்டு டிஸ்க் போய்விட்டது. சி டிரைவ் போனால் போகட்டும், டி இருக்கிறதே என்று தெம்பாக இருந்தேன். சர்வீஸ் பண்ண வந்த தம்பி சொல்லித்தான் தெரிந்தது, சியும் டியும் ஒரே டிஸ்க்கில் கோடு கிழித்துப் பிரித்த இரண்டு அறைகள்தான் என்று. வீடே இடிந்தபிறகு எந்த அறையில் வைத்திருந்தால் என்ன? ஆடிட்டரிடமிருந்த பிரிண்டையும் பில் கட்டுகளையும் வைத்து மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாக மறுபடி ஏற்றினேன்.

இன்றைக்கும் "டி டிரைவுல இருக்குதுங்க" என்று யாராவது சொன்னால் எனக்கு வயிறு கலங்குகிறது. எப்போதும் செருகியே கிடக்கும் பென்டிரைவும் பேக்கப் ஆகாது. பூட்டுகிற வைரஸ் வந்தால் அதையும் சேர்த்தே பூட்டும். ஜிஎஸ்டி சட்டப்படி ஒரு வருஷத்துக் கணக்கை, அதன் ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கேட்கிற அதிகாரியிடம் டிஸ்க் போய்விட்டது என்று சொல்லித் தப்ப முடியாது.

நான் சொல்வது இரண்டு வெளி ஹார்டு டிஸ்க். சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்ததும் ஒன்றில் எடுத்துக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். அடுத்த வாரம் மற்றது. மாதம் ஒரு தடவை அதை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, டேலியில் ரீஸ்டோர் பண்ணி, ஏதாவது ஒரு பார்ட்டியின் பாக்கி சரியாக வருகிறதா என்று பாருங்கள். மங்கலம் ரோட்டுப் பெண் போன மாதம் அப்படிப் பார்த்தபோது ஒரு டிஸ்க்கில் பாதிக் கணக்குதான் இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று காப்பி முடிவதற்குள் பிடுங்கியிருக்கிறாள். அன்றைக்கே உட்கார்ந்து முழுசாக மறுபடி எடுத்துவிட்டோம்.