பருமன் குறைப்பு அறுவை சிகிச்சை: முடிவெடுக்கும் முன்னும் வீடு திரும்பிய பின்னும்

கடும் உடல் பருமனால் அவதிப்படுகிறவர்களிடம் ‘வாயைக் கட்டினால் போதும்’ என்று சொல்வது எளிது. ஆனால் எடை குறையத் தொடங்கியதும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் கூடி, பழைய எடையை மீட்கவே உடல் முனைவதால், உணவைக் குறைத்து இளைத்தவர்களில் பலருக்கு எடை திரும்ப ஏறிவிடுகிறது. இரைப்பையைச் சிறிதாக்கி எடையைக் குறைக்கும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை அவர்களுக்கானது.

முதலில் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் உடல் நிறை குறியீட்டெண்ணைக் கணக்கிடுங்கள். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தால் இருமுறை வகுக்க வேண்டும், 1.65 மீட்டர் உயரமும் 110 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 40-ஐத் தாண்டும். 2022-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், பி.எம்.ஐ. 35 இருந்தாலே வேறு நோய் இல்லாவிட்டாலும் இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது. ஆசியர்களுக்கு வரம்பு இன்னும் குறைவு. ஆனால் இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டு விதிகள் 40-ஐ, அல்லது கட்டுப்படாத சர்க்கரை நோய், இதய நோய், கடும் உறக்க மூச்சுத்திணறல் போன்றவற்றுடன் 35-ஐக் கேட்கின்றன. ஆகவே தேதி குறிப்பதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பரவலாகச் செய்யப்படுபவை இரண்டு. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி நீக்கப்படுகிறது. அதை மீட்க முடியாது. பைபாஸ் முறையில் சிறு பை போன்ற இரைப்பையைச் சிறுகுடலோடு நேரடியாக இணைக்கிறார்கள். நெஞ்செரிச்சல் கடுமையாக உள்ளவர்களுக்கு ஸ்லீவ் அதைக் கூட்டக்கூடும் என்பதால், முன்னதாக எண்டோஸ்கோப்பி (குழாய் செலுத்தி இரைப்பையின் உட்புறத்தைப் பார்க்கும் சோதனை) செய்துகொள்வது நல்லது. இரண்டிலும் முதல் ஓரிரு ஆண்டுகளில் மொத்த எடையில் கால் பங்கு அளவுக்குக் குறைவதை எதிர்பார்க்கலாம். 1987-இல் தொடங்கிய சுவீடன் நாட்டு நீண்டகால ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. அதே வேளையில், அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ஸ்டாம்பீட் ஆய்வில், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6 சதவீதத்துக்குள் இருந்தவர்கள் பைபாஸ் செய்தவர்களில் 29 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். சர்க்கரை அடியோடு போய்விடும் என்று எவரேனும் உறுதியளித்தால் நம்பாதீர்கள்.

ஆபத்து உண்டு, ஆனால் பலர் அஞ்சும் அளவுக்கு இல்லை. 2009-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு மூவர். தையல் கசிவு, ரத்தப்போக்கு, நுரையீரலில் ரத்தக்கட்டி ஆகியவையே முக்கியச் சிக்கல்கள். எனவே கட்டணத்தை விட, அந்த மருத்துவமனையில் ஆண்டுக்கு எத்தனை அறுவைகள் செய்கிறார்கள், தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் உள்ளதா, நள்ளிரவில் அழைத்தால் யார் பேசுவார்கள் என்பவற்றை விசாரியுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும்.

வீடு திரும்பிய பின் காய்ச்சலோ வலியோ இல்லாமலேயே நாடித்துடிப்பு தொடர்ந்து நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டினால், அது கசிவின் முதல் அறிகுறியாக இருக்கலாம்; விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் அளவுகள் உடனே குறைய வேண்டியிருக்கும் என்பதால், பழைய சீட்டின்படி தொடரக் கூடாது.

பிறகு ஆயுள் முழுவதும் கவனம் தேவை. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்பதால், இட்லியைத் தள்ளிவைத்து முட்டை, பருப்பு, மீன், பனீர் ஆகியவற்றை முதலில் உண்ண வேண்டும். பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின் ஆகியவற்றை நிறுத்தவே கூடாது. பைபாஸ் செய்தவர்கள் மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். இணைப்பிடத்தில் புண் வரலாம். பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும்.

வாந்தி நாட்கணக்கில் நீடித்தால் பி1 வைட்டமினாகிய தையமின் தீர்ந்து, மூளை பாதிக்கப்படலாம். பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் டிரிப் ஏற்றும் முன், இந்த அறுவை நடந்ததைச் சொல்லி, தையமின் ஊசியை முதலில் போடச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.