தாய்ப்பால் குழந்தையின் எடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தை பார்க்க வருகிறவர்கள் "ஏனம்மிணி, கொழந்தை எளச்சிருக்குது, பால் பத்தலையாட்ட இருக்குதே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள், அன்று ராத்திரியே வீட்டில் பால்பவுடர் டின் வந்துவிடும். கோபி, தாராபுரம் பக்கம் இது வாடிக்கை.

பிறந்த முதல் சில நாளில் எடை குறையும். 7 சதவீதம் வரை குறைவது சாதாரணம், அதாவது 3 கிலோ குழந்தை 2.8 கிலோவுக்கு வரலாம். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் பழைய எடை திரும்பிவிடும். அதனால் எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற கணக்கைப் பிறந்த எடையிலிருந்து போடாதீர்கள், இறங்கிய எடையிலிருந்து போடுங்கள்.

அடுத்தது தராசு. இந்த மாதம் அங்கன்வாடியில், அடுத்த மாதம் கிளினிக்கில், அதுவும் ஒரு தடவை ஸ்வெட்டரோடு, ஒரு தடவை வெறும் உடம்போடு என்றால் வருகிற வித்தியாசம் குழந்தையுடையதே இல்லை. தினமும் நிறுப்பதும் வீண்.

பெரிய குழப்பம் மூன்று மாதத்துக்கு அப்புறம்தான். அதுவரை நாளுக்கு 25, 30 கிராம் ஏறியது மெதுவாகிப் பாதி அளவுக்கு வந்துவிடும், பக்கத்து வீட்டு டின்பால் குழந்தையோ கொழுகொழுவென்று போய்க்கொண்டே இருக்கும். உடனே அம்மிச்சி ராகிக் கூழ் காய்ச்சுவார், வெயிலுக்கு என்று தண்ணீரும் போகும். வயிறு அதில் நிறைந்தால் பால் குடிப்பது குறையும், குடிப்பது குறைந்தால் சுரப்பும் குறையும், கடைசியில் நிஜமாகவே பால் பத்தாமல் போகும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. கழுதைப்பாலைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட வளர்ச்சிக் கோடுகள் (எந்த வயதில் எவ்வளவு எடை இருக்கும் என்று அட்டையில் மேலும் கீழுமாகப் போட்டிருக்கும் கோடுகள்) இந்தியா உட்பட 6 நாடுகளில் தாய்ப்பால் குடித்த குழந்தைகளை அளந்து போட்டவை. ஒப்பிடுவதென்றால் அதோடு ஒப்பிடுங்கள். குழந்தை கீழ்க்கோட்டில் இருந்தாலும் அதை ஒட்டியே ஏறினால் சரி.

இதற்காக "எங்க வம்சமே ஒல்லிங்க" என்று சும்மா இருப்பதும் தப்பு. இரண்டு வாரமாகியும் பிறந்த எடை வரவில்லை, முதல் வாரத்துக்குப் பிறகும் நாளுக்கு ஆறு தடவை மூத்திரம் போகவில்லை, கோடு கீழே கீழே இறங்குகிறது, குழந்தை சுணங்கியே கிடக்கிறது என்றால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அப்போது ஒரு தடவை பால் கொடுப்பதை அங்கேயே நர்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள். காம்பை மட்டும் கவ்விக்கொண்டு சப்புகிற குழந்தைக்கு மார்பு நிறையப் பால் இருந்தாலும் வயிற்றுக்குப் போகாது.