கல்லூரி மாறும்போது கைநழுவும் உதவித்தொகை

அமெரிக்காவில் இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டு நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறவர்கள் பலர். செலவைக் குறைக்க அது நல்ல வழிதான். ஆனால் "முதலில் இடம் கிடைக்கட்டும், பணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிட்டால், மிச்சப்படுத்திய பணம் அடுத்த இரண்டு வருடத்தில் கரைந்துவிடும். சேர்க்கைக் கடிதம் வருவதற்குள் பல பெரிய உதவித்தொகைகளின் கடைசித் தேதி முடிந்திருக்கும்.

ஜாக் கென்ட் குக் அறக்கட்டளையை எடுத்துக்கொள்ளுங்கள். கம்யூனிட்டி காலேஜிலிருந்து மாறுகிறவர்களுக்கென்றே ஆண்டுக்கு 55,000 டாலர் வரை தருகிறது. இலையுதிர் பருவத்தில் சேர வேண்டுமானால், அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும். எங்கே சேரப் போகிறோம் என்று அப்போது தெரிந்திருக்காது. தெரியாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். ஆகவே மாறுவதற்கு ஒரு வருடம் முன்பே தேடத் தொடங்குங்கள்.

தேடும்போது இன்னொரு சிக்கல் வரும். பல்கலைக்கழகத் தளத்தில் கண்ணில் படும் உதவித்தொகைகளில் நிறைய, பள்ளி முடித்து நேராக வருகிற முதலாண்டு மாணவர்களுக்கானவை. கட்டுரையை எழுதி முடித்த பிறகு தகுதி இல்லை என்று தெரிந்தால் மனசு விட்டுப்போகும். நிதி உதவி அலுவலகத்துக்கு எழுதி, "டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு மட்டும் என்னென்ன இருக்கிறது? வசந்த பருவத்தில் சேர்ந்தாலும் கிடைக்குமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். நன்றாகப் படிக்கும் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கான ஃபை தீட்டா காப்பா என்ற கௌரவச் சங்கத்திலிருந்து அழைப்பு வந்தால் விளம்பரம் என்று அழித்துவிடாதீர்கள். 1918இல் தொடங்கிய சங்கம் அது. அதன் உறுப்பினர்களுக்கென்றே தனி டிரான்ஸ்ஃபர் உதவித்தொகை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் ஏராளம். உறுப்பினர் கட்டணம் உண்டு என்பதால் சிலர் தயங்குவார்கள். நீங்கள் சேர நினைக்கும் இடத்தில் அந்த உதவித்தொகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். மற்றபடி, உதவித்தொகை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறவர்களை அண்ட விடாதீர்கள்.

பழைய கல்லூரியில் கிடைத்த நிதி உதவி தானாகவே கூட வரும் என்று நம்புவதும் தவறு. அரசின் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா படிவத்தில் புதிய பல்கலைக்கழகத்தை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது கிரெடிட் விஷயம், அதாவது முடித்த பாடங்களுக்குப் பட்டக் கணக்கில் சேரும் புள்ளிகள். படித்த பாடங்களில் சிலவற்றைப் புதிய இடம் ஏற்காவிட்டால், இரண்டு வருடத்தில் முடிய வேண்டிய படிப்பு மூன்றாகும். பல டிரான்ஸ்ஃபர் உதவித்தொகைகள் இரண்டு வருடத்தோடு நின்றுவிடும். வசதி குறைந்த மாணவர்களுக்கு அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத பெல் கிராண்ட் என்ற மானியத்துக்கும் வாழ்நாள் வரம்பு உண்டு: முழுநேரப் படிப்பாக 12 செமஸ்டர், அவ்வளவுதான். கம்யூனிட்டி காலேஜில் வாங்கியதும் அந்தக் கணக்கில் சேரும். அதனால் எந்தெந்த கிரெடிட் ஏற்கப்படும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அப்புறம் உதவித்தொகைகளை ஒப்பிடுங்கள். தொகை சிறிதானாலும் எல்லா கிரெடிட்டையும் ஏற்கும் இடமே சில நேரம் மலிவாக முடியும்.

பரிந்துரைக் கடிதத்தைப் பழைய கல்லூரியை விட்டுக் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். புதிய இடத்தில் உங்களை அறிந்த பேராசிரியர் யாரும் இருக்கமாட்டார். கட்டுரையில் பழைய கல்லூரியின் குறைகளை அடுக்காதீர்கள். அங்கே கற்ற எது உங்களை அடுத்த இடத்துக்குத் தள்ளுகிறது என்பதைச் சொல்லுங்கள். வேலை பார்த்துக்கொண்டே படித்தீர்கள் என்றால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். பலர் அதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட அதில் ஒன்றுமே இல்லை.

சரி, வெளியிலிருந்து ஒரு தொகை கிடைத்துவிட்டது. உடனே நிதி உதவி அலுவலகத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: இதனால் நீங்கள் தரும் உதவி குறையுமா, குறைந்தால் கடன் முதலில் குறையுமா, மானியமா? சில பல்கலைக்கழகங்கள் மானியத்தையே வெட்டிவிடும். அரசுப் பல்கலைக்கழகங்கள் அப்படிச் செய்வதைக் கட்டுப்படுத்தி மேரிலாந்து மாநிலம் 2017இல் சட்டமே போட்டது. உங்கள் இடத்தில் மானியம்தான் குறையும் என்றால், அந்தத் தொகையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கொடுத்த அமைப்பிடமே கேட்டுப் பாருங்கள்.