ஃபார்மட் ஆகாத பென் டிரைவ்: தடை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி?

பென் டிரைவைச் செருகி ரைட் கிளிக் செய்து ஃபார்மட் கொடுக்கிறீர்கள். "தி டிஸ்க் இஸ் ரைட் புரொடெக்டட்" என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. உள்ளே இருக்கும் கோப்புகளைத் திறக்க முடிகிறது. ஆனால் புதிதாக எதையும் போட முடியவில்லை, இருப்பதை அழிக்கவும் முடியவில்லை. இந்த நிலையைத்தான் ரைட் புரொடெக்ஷன், அதாவது எழுதுவதற்குத் தடை என்கிறோம்.

இதற்குத் தீர்வு தேடினால் "டிஸ்க்பார்ட்டில் (டிஸ்க்குகளைக் கையாளும் விண்டோஸ் கருவி) இந்த நாலு வரியைப் போடுங்கள்" என்றுதான் பெரும்பாலும் கிடைக்கும். அது பலருக்கு வேலை செய்யும், பலருக்குச் செய்யாது. காரணம் எளிது: தடை நான்கு இடங்களில் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம். டிரைவிலோ கார்டிலோ உள்ள சுவிட்ச், கணினியின் அமைப்பு, டிரைவில் உள்ள கோப்பு முறைமையின் (கோப்புகளை அடுக்கி வைக்கும் ஏற்பாடு) கோளாறு, கடைசியாக டிரைவுக்குள் இருந்து எழுதுவதையும் படிப்பதையும் நிர்வகிக்கும் கன்ட்ரோலர் சிப். முதல் மூன்றையும் நாமே நீக்கிவிடலாம். நான்காவதை நீக்க முடியாது, நீக்க முயலவும் கூடாது. அதனால் முதலில் தடை எங்கே என்று பார்ப்போம், அப்புறம் கட்டளைகளுக்குப் போவோம்.

எதற்கும் முன்பு: நகல் எடுங்கள்

படிக்க முடிகிற வரைக்கும் உள்ளே இருப்பதை எல்லாம் கணினிக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் படிகளில் சில, டிரைவை முழுதாகத் துடைத்துவிடும். இன்னொன்று, எழுத மறுக்கும் டிரைவ் பழுதாகிக்கொண்டிருக்கும் டிரைவாகவும் இருக்கலாம். இன்று படிக்க முடிகிறது என்பதால் நாளையும் முடியும் என்று நம்பிவிடாதீர்கள்.

வேறு கணினியில் போட்டுப் பாருங்கள்

பலரும் தாண்டிப் போகிற சோதனை இது. ஆனால் பாதிக் குழப்பத்தை இதுவே தீர்த்துவிடும். வேறு கணினியில் எழுத முடிந்தால் டிரைவில் குறை இல்லை, தடை உங்கள் கணினியில்தான் இருக்கிறது. அந்தக் கணினியிலேயே ஃபார்மட் செய்தும் முடித்துவிடலாம். எல்லாக் கணினியிலும் அதே செய்தி வந்தால் சிக்கல் டிரைவில். யுஎஸ்பி ஹப் வழியாகச் செருகியிருந்தால், அதை விட்டுவிட்டு நேரடியாகக் கணினியின் துளையிலேயே செருகிப் பாருங்கள்.

சுவிட்ச் இருக்கிறதா?

இப்போது வரும் பெரும்பாலான பென் டிரைவ்களில் சுவிட்ச் கிடையாது. இருந்தால் பக்கவாட்டில் சின்னதாக இருக்கும். சிலவற்றில் பூட்டுப் படமும் போட்டிருப்பார்கள். டிரைவைக் கழற்றிவிட்டு சுவிட்சை மறுபக்கம் தள்ளி, மீண்டும் செருகுங்கள்.

எஸ்டி கார்டில் இது அடிக்கடி வரும் சிக்கல். கார்டின் இடது ஓரத்தில் நகரும் ஒரு பிளாஸ்டிக் துண்டு உண்டு. அது கீழே இறங்கியிருந்தால் பூட்டு. உண்மையில் அந்தத் துண்டுக்கும் கார்டுக்குள் இருக்கும் சிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது கார்டு ரீடர்தான். அதனால் துண்டு உடைந்து விழுந்துவிட்டாலும் பூட்டியிருப்பதாகவே ரீடர் எடுத்துக்கொள்ளும். அந்தப் பள்ளத்தின் மேல் மெல்லிய டேப் ஒட்டினால் போதும், எழுத ஆரம்பித்துவிடும். மைக்ரோ எஸ்டியில் இந்தத் துண்டு இல்லை. ஆனால் அதைச் செருகும் அடாப்டரில் உண்டு, அதைப் பாருங்கள்.

விண்டோஸில் டிஸ்க்பார்ட்

கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு என்டர்.

1. ஸ்டார்ட் மெனுவில் "சிஎம்டி" என்று தேடுங்கள். வரும் கமாண்ட் பிராம்ப்ட்டில் ரைட் கிளிக் செய்து "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுங்கள். சாதாரணமாகத் திறந்தால் அனுமதி போதாது.

2. "டிஸ்க்பார்ட்" என்று அடியுங்கள்.

3. "லிஸ்ட் டிஸ்க்" அடித்தால் கணினியில் உள்ள டிஸ்க்குகள் எண்ணோடும் அளவோடும் வரும்.

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பாருங்கள். தவறான எண்ணைத் தேர்ந்தெடுத்துத் துடைத்தால் போவது உங்கள் கணினியின் ஹார்ட் டிஸ்க். அளவை மட்டும் வைத்து முடிவு செய்வதைவிட நிச்சயமான வழி ஒன்று உண்டு. பென் டிரைவைக் கழற்றிவிட்டு "லிஸ்ட் டிஸ்க்" கொடுங்கள். செருகிவிட்டு மறுபடி கொடுங்கள். புதிதாக வந்த வரிதான் உங்கள் டிரைவ்.

4. அது டிஸ்க் 2 என்று வைத்துக்கொள்வோம். "செலக்ட் டிஸ்க் 2" என்று அடியுங்கள். பிறகு இன்னொரு முறை "லிஸ்ட் டிஸ்க்" கொடுத்தால், தேர்ந்தெடுத்த டிஸ்க்கின் முன்னால் நட்சத்திரக் குறி இருக்கும். சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

5. "ஆட்ரிபியூட்ஸ் டிஸ்க்" என்று அடியுங்கள். இந்தக் கட்டளை எதையும் மாற்றாது, நிலையை மட்டும் சொல்லும். வரும் பட்டியலில் இரண்டு வரிகள் முக்கியம்: "கரண்ட் ரீட்-ஒன்லி ஸ்டேட்", அடுத்து "ரீட்-ஒன்லி". இரண்டாவதில் "எஸ்" இருந்தால் அது விண்டோஸ் வைத்த குறி, எளிதாக நீக்கலாம். இரண்டாவதில் "நோ", முதலாவதில் மட்டும் "எஸ்" என்றால் தடை வேறு எங்கிருந்தோ வருகிறது: சுவிட்ச், கணினியில் போட்ட கொள்கை, அல்லது டிரைவே.

6. "ஆட்ரிபியூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி" என்று அடியுங்கள். கடைசிச் சொல்லை இடைவெளியும் கோடும் இல்லாமல் சேர்த்து அடிக்க வேண்டும்.

இப்போது ஐந்தாவது படியை மறுபடி செய்து பாருங்கள். இரண்டு வரிகளிலும் "நோ" வந்துவிட்டால் தடை போய்விட்டது. டிரைவில் ஒரு சின்னக் கோப்பைப் போட்டுப் பாருங்கள். எழுதுவதுதான் உங்கள் தேவை என்றால் வேலை இங்கேயே முடிந்தது, ஃபார்மட் தேவையே இல்லை.

ஃபார்மட்டும் வேண்டும் என்றால் "எக்ஸிட்" கொடுத்து வெளியே வந்து, வழக்கம்போல ரைட் கிளிக் செய்து ஃபார்மட் செய்யலாம். டிரைவின் இடத்தைப் பிரித்து வைக்கும் பார்ட்டிஷனே குழம்பிப் போயிருந்தால் மட்டும் (உதாரணமாக, இயங்குதளம் நிறுவுவதற்காகத் தயாரித்த டிரைவ் அதன் உண்மையான அளவைக் காட்டாமல் மிகச் சின்னதாகக் காட்டினால்) டிஸ்க்பார்ட்டிலேயே தொடருங்கள்: "கிளீன்", பிறகு "கிரியேட் பார்ட்டிஷன் பிரைமரி", பிறகு "ஃபார்மட் எஃப்எஸ்=எக்ஸ்ஃபேட் குயிக்", கடைசியாக "அசைன்". சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி வேண்டாம். "கிளீன்" அடிக்கும் முன் நட்சத்திரக் குறியை இன்னொரு முறை பார்ப்பதில் தவறே இல்லை. அந்தக் கட்டளை "நிச்சயமா?" என்று திருப்பிக் கேட்காது.

எந்தக் கோப்பு முறைமையைத் தேர்ந்தெடுப்பது? என் பரிந்துரை எக்ஸ்ஃபேட். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் படிக்கவும் எழுதவும் முடியும். பழைய டிவியிலோ காரின் மியூசிக் சிஸ்டத்திலோ போடப்போகிறீர்கள் என்றால் ஃபேட்32 நல்லது, ஆனால் அதில் 4 ஜிபியை எட்டும் ஒற்றைக் கோப்பு ஏறாது. 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு விண்டோஸின் ஃபார்மட் பெட்டி நீண்ட காலமாகவே ஃபேட்32 வாய்ப்பைத் தருவதில்லை. அதைக் கண்டு டிரைவில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். குயிக் ஃபார்மட் பழைய கோப்புகளை உண்மையில் அழிப்பதில்லை, பட்டியலைத்தான் துடைக்கிறது. டிரைவை வேறொருவருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் குயிக் என்பதை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்யுங்கள். நேரம் எடுக்கும், பரவாயில்லை.

உங்கள் கணினியில் மட்டும் தடை என்றால்

விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு சாவி இருக்கலாம். ஸ்டார்ட் மெனுவில் "ரெஜெடிட்" என்று தேடித் திறந்து, ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல் என்று வரிசையாக உள்ளே போங்கள். அங்கே "ஸ்டோரேஜ்டிவைஸ்பாலிசீஸ்" என்று ஒரு ஃபோல்டர் இருந்து, அதற்குள் "ரைட்புரொடெக்ட்" என்பதன் மதிப்பு 1 என்று இருந்தால் அதை 0 ஆக்குங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டு டிரைவைச் செருகிப் பாருங்கள்.

அந்த ஃபோல்டரே இல்லையா? அப்படியானால் தடை அங்கிருந்து வரவில்லை, அவ்வளவுதான். அதைப் புதிதாக உருவாக்கி 0 போடுங்கள் என்று பல வழிகாட்டிகள் சொல்லும். இல்லாத தடையை நீக்க அமைப்பு எதையும் சேர்க்கத் தேவையில்லை. ரெஜிஸ்ட்ரியில் தேவையின்றிக் கைவைக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த கணினி என்றால், தகவல் வெளியே போகாமல் இருக்க நிர்வாகிகளே யுஎஸ்பியில் எழுதுவதைத் தடுத்திருக்கலாம். பிட்லாக்கர் (தகவலை மறையாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி) பூட்டுப் போட்ட டிரைவில் மட்டுமே எழுதலாம் என்ற கொள்கையும் உண்டு. அதை மீறி வழி தேடாமல் அவர்களிடமே கேளுங்கள்.

கோப்பு முறைமை பழுதானால்

எழுதிக்கொண்டிருக்கும்போதே டிரைவைப் பிடுங்கினால் இது நேரும். லினக்ஸில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம்: ஃபேட் முறைமையில் பிழை தெரிந்ததும் மேலும் சேதமாகாமல் இருக்க, டிரைவைப் படிக்க மட்டும் என்று அதுவே மாற்றிவிடும். டெர்மினலில் "எல்எஸ்பிஎல்கே" அடித்தால் "ஆர்ஓ" என்ற நிரலில் 0 அல்லது 1 தெரியும். 1 என்றால் தடை சாதன அளவிலேயே இருக்கிறது. 0 என்றால் கோப்பு முறைமையைத்தான் சந்தேகிக்க வேண்டும். டிரைவை அன்மவுன்ட் செய்துவிட்டு (கழற்றாமலே அதன் இணைப்பை லினக்ஸில் விடுவித்துவிட்டு) ஃபார்மட் செய்யலாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டில் "செக்டிஸ்க்" கட்டளையை, அதாவது சிஹெச்கேடிஎஸ்கே என்ற ஆறு எழுத்துகளை அடித்து, இடைவெளி விட்டு டிரைவ் எழுத்தும் முக்காற்புள்ளியும், பிறகு இடைவெளி விட்டு சாய்கோடும் எஃப் எழுத்தும் கொடுங்கள்.

மேக்கில் எழுத முடியவில்லை என்றால் முதலில் டிரைவ் விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். மேக் அதைப் படிக்கும், எழுதாது. டிரைவில் பூட்டு எதுவும் இல்லை. டிஸ்க் யுட்டிலிட்டியில் எக்ஸ்ஃபேட்டாக அழித்து எடுத்தால் போதும்.

டிரைவே தடுத்தால்

ஃபிளாஷ் மெமரியின் ஒவ்வொரு பகுதியையும் குறிப்பிட்ட முறைகள்தான் அழித்து எழுத முடியும். தேய்ந்த பகுதிகளுக்குப் பதிலாக வைக்கச் சில உதிரிப் பகுதிகளைக் கன்ட்ரோலர் ஒதுக்கி வைத்திருக்கும். அவையும் தீர்ந்துபோனால், அல்லது பெரிய பிழை எதையாவது கண்டால், இருக்கும் தகவலாவது பிழைக்கட்டும் என்று எழுதுவதை அதுவே நிரந்தரமாக நிறுத்திவிடும்.

அடையாளங்கள் தெளிவானவை. எல்லாக் கணினியிலும் ஒரே செய்தி. சுவிட்ச் கிடையாது. ஆறாவது படியில் வெற்றி என்று சொன்னாலும், "கரண்ட் ரீட்-ஒன்லி ஸ்டேட்" மட்டும் "எஸ்" என்றே நிற்கும். "கிளீன்" பிழை காட்டித் திரும்பும்.

இங்கே எந்த இலவச ஃபார்மட் மென்பொருளும் உதவாது. அவை எல்லாம் டிரைவிடம் அதே வேண்டுகோளைத்தான் வேறு பெட்டியில் வைக்கின்றன, மறுப்பது டிரைவ். தொழிற்சாலையில் பயன்படுத்தும் ஃபர்ம்வேர் (சிப்புக்குள் இருக்கும் மென்பொருள்) கருவிகள் என்று சில தளங்களில் கிடைக்கும். கன்ட்ரோலர் சிப்புக்கு மிகச் சரியாகப் பொருந்தாவிட்டால் டிரைவ் மொத்தமாகச் செத்துவிடும்; அந்தத் தளங்களில் வைரஸ் வரும் ஆபத்தும் அதிகம். ஒருவேளை பூட்டு திறந்தாலும், தேய்ந்த மெமரி புதிதாகிவிடாது. அதில் உங்கள் படங்களையும் ஆவணங்களையும் நம்பிப் போடாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

செய்ய வேண்டியது மூன்றே. நகல் முழுமையாக இருக்கிறதா என்று கோப்புகளைத் திறந்து பாருங்கள். உத்தரவாதக் காலம் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். பென் டிரைவ்களுக்குப் பல ஆண்டு உத்தரவாதம் தருவோர் உண்டு. ஆனால் திருப்பி அனுப்பும் முன், உள்ளே இருப்பதை உங்களால் அழிக்க முடியவில்லை, மற்றவர்களால் படிக்க முடியும் என்பதை மறக்க வேண்டாம். அடையாள ஆவணங்களோ வங்கி விவரங்களோ இருந்தால் உத்தரவாதத்தை விட்டுவிடுவதே மேல். அப்படிப்பட்ட டிரைவைத் தூக்கிப்போடும் முன் உறையைப் பிரித்து உள்ளே இருக்கும் மெமரி சிப்பையே உடைத்துவிட்டு, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். யுஎஸ்பி முனையை மட்டும் வளைத்தால் போதாது; சிப் முழுசாக இருந்தால் தகவலும் முழுசாகவே இருக்கும்.