மாங்கனீஸ் ஆக்சைடில் அம்பு வரைவது எப்படி?

காந்தப் படிகத்தில் ஸ்பின் (ஒவ்வொரு அணுவிலும் இருக்கும் குட்டிக் காந்தம்) எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் காட்ட அணுக்களின் மேல் அம்பு வரைவார்கள். பார்க்க எளிது. நான் முதல்முறை வெஸ்டா என்ற படிகம் வரையும் மென்பொருளில் ஒரு மாங்கனீஸ் அணுவுக்கு அம்பு வைத்தபோது, மற்ற மாங்கனீஸ் எல்லாவற்றிலும் சேர்ந்தே முளைத்தது. மேல், கீழ் என்று பிரிக்க வழியே இல்லை. அரைநாள் போனது.

தப்பு மென்பொருளில் இல்லை, நான் எடுத்த அலகுக்கூட்டில் (திரும்பத் திரும்ப அடுக்கினால் முழுப் படிகமும் வரும் சின்னப் பெட்டி) இருந்தது. மாங்கனீஸ் ஆக்சைடின் அமைப்பு நம் சாப்பாட்டு உப்பைப் போன்றது. கூட்டின் பக்கம் சுமார் 4.4 ஆங்ஸ்ட்ராம். 1949-இல் இயற்பியலாளர்கள் ஷல்லும் ஸ்மார்ட்டும் இதைக் குளிரவைத்து நியூட்ரான்களைச் செலுத்தினார்கள். நியூட்ரானே ஒரு குட்டிக் காந்தம் என்பதால் ஸ்பின் அடுக்கு அதற்குத் தெரியும். சுமார் 120 கெல்வினுக்குக் கீழே, சிதறி வந்த நியூட்ரான்களின் பதிவில் புதிய கோடுகள் வந்தன. கூட்டின் மூன்று பக்கங்களையும் இரட்டிப்பாக்கினால்தான் அவற்றுக்குக் கணக்கு உதைக்காமல் வந்தது. அதாவது ஸ்பின் அடுக்குக்குச் சின்னக் கூடு போதாது.

சரி, வேலைக்கு வருவோம். வெஸ்டாவில் படிகக் கோப்பைத் திறந்து, எடிட் டேட்டாவில் யூனிட் செல் பகுதிக்குப் போய் முதலில் சமச்சீரை நீக்குங்கள்; இல்லாவிட்டால் எல்லா மாங்கனீஸும் ஒன்றாகவே நடத்தப்படும். அப்புறம் கூட்டை 2×2×2 ஆக்குங்கள். இப்போது 32 மாங்கனீஸ், 32 ஆக்சிஜன் இருக்க வேண்டும். எண்ணிக்கை இடித்தால் இங்கேயே நின்று சரிசெய்யுங்கள்.

எந்த அணு மேல், எது கீழ்? இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. இந்தப் பெரிய கூட்டில் மாங்கனீஸின் இடத்தைச் சொல்லும் மூன்று ஆயங்களையும் கூட்டி 2-ஆல் பெருக்குங்கள். இரட்டைப்படை என்றால் மேல், ஒற்றைப்படை என்றால் கீழ். (0, 0, 0) மேல், பூஜ்யமும் இரட்டைப்படைதான். (0.25, 0.25, 0) என்றால் 1, எனவே கீழ். (0.5, 0.5, 0) என்றால் 2, மறுபடி மேல். ஒரே விடை வரும் அணுக்களெல்லாம் கூட்டின் ஒரு மூலையிலிருந்து நேர் எதிர் மூலைக்குப் போகும் மூலைவிட்டத்துக்குச் செங்குத்தான ஒரே தளத்தில் உட்கார்ந்திருக்கும். தளத்துக்குள் ஒரே திசை, அடுத்த தளத்தில் நேர் எதிர்.

'மேல்' என்பது இங்கே வெறும் பேச்சுக்குத்தான். உண்மையில் அம்புகள் அந்தத் தளத்திலேயே படுத்திருக்கும். அதனால் எடிட் மெனுவில் வெக்டர்ஸ் திறந்து இரண்டு அம்புகள் உருவாக்குங்கள்: (1, 1, −2), (−1, −1, 2). முதலாவதுக்குச் சிவப்பு, மற்றதுக்கு நீலம். 16 அணுக்களுக்கு ஒன்று, மீதி 16-க்கு மற்றொன்று. ஆக்சிஜனுக்கு எதுவும் வேண்டாம்.

பார்வைத் திசையை (1, −1, 0) என்று வையுங்கள். தளங்கள் விளிம்பில் கோடுகளாகத் தெரியும். அம்புகள் முழு நீளத்தில் சிவப்பு, நீலம், சிவப்பு என்று மாறிமாறி வரும். கடைசியாக ஒரு சோதனை: கூட்டின் விளிம்பில் ஏதாவது ஓர் ஆக்சிஜனைப் பிடியுங்கள். அதற்கு இருபுறமும் நேர்கோட்டில் உள்ள மாங்கனீஸ் இரண்டும் எதிரெதிர் நிறத்தில் இருக்க வேண்டும். ஸ்பின்களை எதிரெதிராகப் பூட்டி வைப்பதே நடுவில் இருக்கும் அந்த ஆக்சிஜன்தான்.