ஸூலு சொடுக்கொலிகளைச் சொல்லிப் பழக

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வெளியே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்த முதல் நாள். ஸூலு மொழியை எழுதுவது ஆங்கில எழுத்தில்தானே, வருகைப் பதிவேட்டை அப்படியே படித்துவிடலாம் என்று நினைத்தேன். எக்ஸ் எழுத்து இருந்த ஒரு பெயரை 'க்ஸ' போட்டுக் கூப்பிட்டேன். யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டதும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, தன் பெயரைத் தானே ஒரு தடவை சொல்லிக்காட்டிவிட்டு உட்கார்ந்தாள். அவள் முகத்தில் பழகிப்போன பொறுமை தெரிந்தது. அது என்னை மிகவும் வருத்தியது. அன்று சாயங்காலமே பயிற்சியைத் தொடங்கினேன்.

ஸூலுவில் சி (c), எக்ஸ் (x), க்யூ (q) ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகளைக் குறிக்கின்றன. நல்ல செய்தி என்னவென்றால், இந்த மூன்று ஒலிகளும் நமக்கு ஏற்கெனவே தெரியும். அவற்றை எழுத்தாக நினைத்ததில்லை, அவ்வளவுதான்.

முதலாவது, ஆங்கில 'சி' (c) எழுத்தால் எழுதுவது. யாராவது கஷ்டத்தைச் சொல்லும்போது 'அடப் பாவமே' என்று உச்சுக் கொட்டுகிறோம் இல்லையா, அதே ஒலி. நாக்கு நுனி 'த' சொல்லும் இடத்தில், மேல் பல்லின் பின்னால் இருக்கும். மொழியியலில் இதற்கு ஒற்றைக் கோடு போடுவார்கள்: |

இரண்டாவது, எக்ஸ் எழுத்து. எங்கள் சங்கரன்கோவில் பக்கம் வண்டி மாட்டை முடுக்க, கன்னத்தோரமாக ஒரு சத்தம் எழுப்புவார்கள். அதுதான் இது. 'ல்' சொல்வதுபோல நாக்கு நுனியை மேலே ஒட்டி வையுங்கள். நுனி அசையக் கூடாது. கடைவாய்ப் பல் பக்கம் நாக்கின் ஓரத்தை மட்டும் விடுவிக்க வேண்டும். குறி, இரட்டைக் கோடு: ||

மூன்றாவது, க்யூ எழுத்து. குழந்தைகள் குதிரை ஓட்டி விளையாடும்போது குளம்புச் சத்தம் 'டொக் டொக்' என்று வாயால் வரவழைப்பார்களே, அது. நாக்கு நுனி பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டை அடுத்து ஒட்டியிருந்து, சட்டென்று கீழே இறங்கும். பாட்டில் மூடியைப் பிடுங்கியதுபோல உருண்டையான ஒலி வரவேண்டும். தமிழ் நாக்கு பழக்கதோஷத்தில் 'ட'வுக்குப் போலவே மடிந்துகொள்ளப் பார்க்கும். அவ்வளவு பின்னால் போகவேண்டாம். குறி, ஆச்சரியக்குறி: !

இனி இந்தக் குறிகளையே வைத்து எழுதுகிறேன்.

வாய்க்குள் நடப்பது இதுதான். நாக்கின் பின்பகுதி 'க்' சொல்லும் இடத்தில் அண்ணத்தோடு ஒட்டிக்கொள்கிறது. முன்பகுதியும் ஓரிடத்தில் ஒட்டுகிறது. நடுவே கொஞ்சம் காற்று மாட்டிக்கொள்கிறது. நாக்கின் நடுப்பகுதியைத் தாழ்த்தினால் அந்த இடம் பெரிதாகி அழுத்தம் குறையும். அப்போது முன்பகுதியை விட்டால் வெளிக்காற்று உள்ளே பாயும். சத்தத்துக்குக் காரணம் அந்தப் பாய்ச்சல்தான், நுரையீரலுக்கு அதில் வேலை இல்லை. சந்தேகமிருந்தால் மூக்கு வழியே மூச்சு விட்டுக்கொண்டே உச்சுக் கொட்டிப் பாருங்கள். இரண்டும் ஒன்றையொன்று தடுக்காது.

சரி, தனியாகச் சத்தம் வந்துவிட்டது. இனிதான் உண்மையான வேலை. சொடுக்கு ஒரு மெய்யெழுத்து. 'க்'கோடு 'ஆ' சேர்ந்து 'கா' ஆவதுபோல, |-உம் ஆ-வும் இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் சொடுக்கிவிட்டு, ஒரு நொடி நின்று, அப்புறம் உயிரைச் சொல்கிறார்கள். நானும் இரண்டு வாரம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்து மேசை ஒரு மூத்த ஸூலு டீச்சருடையது. மரியாதைக்கு அவரை 'மா' என்றுதான் கூப்பிடுவோம். அவர்தான் வழி சொன்னார்: முன்னாலும் ஓர் உயிரை வைத்துக்கொள். ஆ|ஆ, ஏ|ஏ, ஈ|ஈ, ஓ|ஓ, ஊ|ஊ. ஸூலுவிலும் உயிர் இந்த ஐந்துதான். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. குரல் எங்கும் அறுபடக் கூடாது. பிறகு !, பிறகு ||. காலையில் சோறு வடிக்கும் நேரத்தில் பத்து நிமிடம் சொன்னாலே போதும்.

அடுத்து சொற்கள். இ|ஈ|இ என்றால் காதணி. இ!ஆண்டா என்றால் முட்டை. இ||ஓ||ஒ என்றால் தவளை. கடைசிக்கு முந்தைய அசை கொஞ்சம் நீளும். அந்த நீட்டலை விட்டுவிட்டால் சொடுக்கு சரியாக இருந்தும் ஸூலுவாகக் கேட்காது.

அப்புறம் பெயர்கள், நான் இதில் இறங்கியதே அதற்காகத்தானே. சி|ஏலொ, வேண்டுதல் என்று பொருள். நொ||ஓலொ, இதில் இருக்கும் உ||ஓலொ என்ற சொல்லுக்கு அமைதி என்று பொருள். அதையே தனியாகச் சொன்னால் 'மன்னிக்கணும்' என்றும் ஆகும். ங்!ஒபீலெ, வென்றவர். மூன்றும் பரவலாக வைக்கிற பெயர்கள், பெயருக்கு ஒன்றாக மூன்று சொடுக்குகள்.

கடைசிப் பெயரில் மூக்கொலி வருவதைக் கவனியுங்கள். இங்கே நமக்கு ஒரு வசதி. 'ங்' என்று இழுத்துப் பிடித்துக்கொண்டே சொடுக்குங்கள். மூக்குச் சொடுக்கு தானாக வந்துவிடும். 'கொஞ்சம்' என்பதற்கு ஸூலுவில் கா-ங்|ஆனே. "எனக்கு ஸூலு கொஞ்சம் தெரியும்" என்று சொல்வதற்கே சொடுக்கு வேண்டும். ஊதிச் சொல்லும் வகையும் உண்டு. பக்கத்து மொழியான இஸி||ஹோசாவின் பெயரிலேயே அது இருக்கிறது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு சொல்லுங்கள், சொடுக்குக்குப் பின்னால் காற்று கையில் பட வேண்டும். மூன்று இடம், ஒவ்வொன்றிலும் ஐந்து விதம், ஆக ஸூலுவில் 15 சொடுக்குகள். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் பிடிக்க முயலாதீர்கள். சாதாரணச் சொடுக்கும் மூக்குச் சொடுக்கும் கைவந்தால் பதிவேட்டில் பெரும்பகுதியைப் படித்துவிடலாம்.

வராதபோது 'க்' போட்டு ஒப்பேற்றிவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். சுரங்கங்களிலும் நேட்டால் பண்ணைகளிலும் வேலை வாங்குவதற்காகப் புழங்கிய ஃபனகலோ என்ற கலப்பு மொழி இருந்தது. சொற்கள் பெரும்பாலும் ஸூலு, ஆனால் சொடுக்கு வரும் இடத்தில் பெரும்பாலும் 'க்' போட்டுவிடுவார்கள். அதைக் கேட்டு வளர்ந்த ஒரு முதியவரின் பெயரை நீங்கள் 'க்' போட்டு அழைத்தால் அவர் காதில் என்ன விழும் என்று யோசித்துப் பாருங்கள். தப்பாக வந்தாலும் சொடுக்கியே சொல்லுங்கள். என் வகுப்பில் பிள்ளைகள் அதைத்தான் விரும்பினார்கள்.

இந்த ஒலிகள் ஸூலுவுக்கே பிறந்தவை அல்ல. தெற்கு ஆப்பிரிக்காவில் முன்னரே வாழ்ந்த கோய், சான் மக்களின் மொழிகளிலிருந்து வந்தவை. அவை இங்கே பரவியதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு காரணம் 'ஹ்லோனிபா' என்னும் மரியாதை வழக்கம். மணமாகி வந்த பெண் மாமனார் பெயரில் வரும் அசைகளைக்கூட வாயால் சொல்லக் கூடாது. சொல்லையே மாற்ற வேண்டும். மாற்றிச் சொல்ல அயல்மொழி ஒலி கைகொடுத்தது. என் ஆச்சி கடைசிவரை மாமனார் பெயரைச் சொன்னதில்லை. 'மா' இதை விளக்கியபோது எனக்கு ஆச்சி ஞாபகம்தான் வந்தது. கோய், சான் மொழிகளில் சொடுக்குகள் இன்னும் அதிகம். போட்ஸ்வானாவில் பேசும் தா மொழியில் உதட்டைக் குவித்து 'இச்' என்று முத்தமிடும் ஒலியும் ஒரு மெய்யெழுத்து. ஆனால் ஸூலு கற்க அது தேவையில்லை.

மூன்றும் ஓரளவு வந்துவிட்டால், இங்கே பிள்ளைகள் சொல்லி விளையாடும் நாப்புரட்டு ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். துர்நாற்றம் வீசும் வரிமரநாய் ஒன்று உருண்டு புரண்டதில் அதன் குரல்வளையே அறுந்துபோனதாம்:

இ!ஆ!ஆ லாஸி!இகா!இகா க்வாஸே க்வா!ஹவாகா உ!ஹொ!ஹோ!ஹொ.

எட்டுச் சொடுக்கு, எட்டும் க்யூ. கடைசி நான்கும் ஊதுகிற வகை. முதலில் மூன்று துண்டாக உடைத்துச் சொல்லுங்கள், சேர்ப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். எனக்கு முழுசாகச் சேர ஒரு பருவம் ஆனது. அன்று அதைச் சொல்லிவிட்டு அதே மூச்சில் பதிவேட்டைத் திறந்து படித்தேன். எக்ஸ் எழுத்துப் பெயரைச் சொல்லி முடிக்கும் முன்பே, கடைசி பெஞ்சிலிருந்து "யெபோ, மேம்" என்று பதில் வந்தது.