ஊசிப் பின்னலில் நழுவிய கண்ணியை மேலே ஏற்றுவது எப்படி?

பின்னல் ஊசியில் 80 கண்ணி (நூல் வளையம்) இருக்க வேண்டும். எண்ணினால் 79 தான் வருகிறது. பத்து வரிசைக்குக் கீழே ஒரு கண்ணி வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது, அதற்கு மேல் ஏணிப்படிபோல் குறுக்கு நூல்கள். பயந்துபோய் எல்லாவற்றையும் பிரித்துவிடாதீர்கள். பெரும்பாலும் ஐந்து நிமிட வேலைதான் இது.

முதல் காரியம், அந்தக் கண்ணியில் ஒரு ஊக்கை மாட்டுவது. பின்னலை அகலவாக்கில் இழுத்துப் பார்த்தால் இன்னும் இரண்டு படி இறங்கிவிடும். அக்ரிலிக் நூலும் பருத்தி நூலும் வேகமாக இறங்கும். சாதாரணக் கம்பளி இழையில் நுண்ணிய செதில்கள் இருப்பதால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். மெஷினில் துவைக்கலாம் என்று விற்கும் சூப்பர்வாஷ் கம்பளியில் அந்தச் செதில்களை மழுக்கியோ பூச்சு கொடுத்தோ விடுவதால் பிடிமானம் குறைவு. அதில் கூடுதல் கவனம் வேண்டும்.

பின்னும் ஊசியைவிடச் சற்றே சிறிய, நுனியில் கொக்கி உள்ள குரோஷே ஊசி எடுத்துக்கொள்ளுங்கள். 4 மி.மீ. ஊசியில் பின்னினால் 3 அல்லது 3.5 மி.மீ. போதும். அதைவிட மெல்லியதாக இருந்தால் நூலின் புரிக்குள் நுழைந்து கிழித்துவிடும்.

ஸ்டாக்கினெட் பின்னலில் (ஒரு பக்கம் முழுக்க 'V', மறுபக்கம் முழுக்க மேடு தெரியும் பின்னல்), 'V' தெரியும் நிட் பக்கம் உங்களைப் பார்த்திருக்கட்டும். கண்ணிக்குள் முன்னாலிருந்து பின்னால் கொக்கியை விடுங்கள். குறுக்கு நூல்கள் எல்லாம் கண்ணிக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஆக அடியில் உள்ள நூலைப் பிடித்துக் கண்ணி வழியாக முன்னால் இழுங்கள். ஒரு படி ஏறியாயிற்று. இப்படியே ஒவ்வொன்றாக மேலே. கடைசியில் கண்ணியை இடது ஊசியில் மாட்டும்போது அதன் வலது கால் ஊசிக்கு முன்புறம் வர வேண்டும். மாறினால் அந்த ஒரு கண்ணி மட்டும் முறுக்கிக்கொண்டு தெரியும்.

ஏறி முடித்ததும் துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் ஒரு நூல் தொங்கினால் ஒரு படியைத் தவறவிட்டிருக்கிறீர்கள். அதுவரை மறுபடி இறக்கி ஏற்றுவதுதான் வழி. ஒரே இடத்தில் சுருக்கம் விழுந்திருந்தால் இரண்டு படியைச் சேர்த்துப் பிடித்திருப்பீர்கள், அல்லது பக்கத்துக் கண்ணியின் பாதி இழை சிக்கியிருக்கும்.

கார்ட்டர் பின்னலில் (இரு பக்கமும் மேட்டு வரிகள் தெரியும் பின்னல்) ஒரு படி நிட், அடுத்தது பர்ல், அதாவது நிட் கண்ணியின் மேடான பின்பக்கம். ஒவ்வொரு படிக்கும் துணியைத் திருப்பி, எப்போதும் நிட் முறையிலேயே ஏற்றுங்கள். குழப்பம் வராது. எந்தப் பக்கத்தில் தொடங்குவது என்பதைப் பக்கத்துக் கண்ணி வரிசையைப் பார்த்து முடிவு செய்யலாம். 1×1 ரிப்பில் (ஒரு நிட், ஒரு பர்ல் என்று மாறி மாறி வரும் பின்னல்) நழுவியது பர்ல் கண்ணி என்றால் துணியைத் திருப்பிப் போட்டால் அதுவும் நிட் தான்.

ஒரு நிலைமையில் மட்டும் இந்த வைத்தியம் சரிவராது. கண்ணி முன்பே நழுவியதைக் கவனிக்காமல், அது இல்லாமலே மேலே பத்து வரிசை பின்னிப் போயிருந்தால், அந்த வரிசைகளில் அந்தக் கண்ணிக்கு வேண்டிய நூலே விடப்பட்டிருக்காது. குறுக்கு நூல்கள் குட்டையாக, விறைப்பாக இருக்கும். இழுத்து ஏற்றினால் அந்த இடம் கயிறுபோல் இறுகிவிடும். ஓரிரு வரிசை என்றால் ஏற்றிவிட்டு, ஊசி நுனியால் இரு பக்கத்துக் கண்ணிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வை வாங்கலாம். அதற்கு மேல் என்றால் பிரிப்பதே நல்லது.

அப்படிப் பிரிக்க நேர்ந்தால் கைகொடுப்பது காப்பு நூல், அதாவது பிரியும் கண்ணிகளை ஒரு வரிசையில் பிடித்து நிறுத்தும் நூல். லேஸ் (துளைகள் கொண்ட பின்னல்) பின்னுகிறவர்கள் இதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பத்து வரிசைக்கு ஒருமுறை, வேறு நிறத்தில் வழவழப்பான பருத்தி நூலை மொண்ணை ஊசியில் கோத்து, பின்னல் ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகள் வழியாகவும் ஓட்டுங்கள். எண்ணிக்கைக்காக ஊசியில் மாட்டியிருக்கும் அடையாள வளையங்களுக்குள் நூல் போகக் கூடாது. போனால் வளையம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். இரு ஓரத்திலும் ஒரு சாண் நூலை விட்டு வையுங்கள்.